பத்தடிக்குள் ஒரு சிரிப்பு

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. உம்மணாமூஞ்சி என்று சொல்லலாம், ஆனால் அதுவும் சரியில்லை. உம்மணாமூஞ்சிகளுக்கு யார் மேலாவது ஒரு கோபம் இருக்கும். இவளுக்கு யார் மேலும் ஒன்றும் கிடையாது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அதுதான் இவளுக்கு. பிறந்த நாளுக்கு கேக் வெட்டும்போதும் அதே முகம். அடம்பிடிக்கிற நோயாளிக்கு ஊசி குத்தும்போதும் அதே முகம். அந்த முகத்தோடு அவளை விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அவள் செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே மெட்ராஸிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்ட குடும்பம். அப்பா தேவராஜும் அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் ஹிந்தி என்று வளர்ந்ததால் ஸ்டெல்லா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எந்த மொழியில் போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. பதின்மூன்று வயதில் அம்மாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போது கூட இருந்து பார்த்துக்கொண்டது இவள்தான். அங்கே ஒரு நர்ஸ் அதிகம் பேசமாட்டாளாம், ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பாளாம். நானும் இப்படி ஆகிறேன் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எங்கள் வகுப்பில் நர்ஸ் ஆக ஆசைப்பட்டு நர்ஸிங் படிக்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

மற்றவர்கள் எல்லாம் என்னைப் போல. எனக்கு என்ஜினீயரிங் கிடைக்கவில்லை. திருச்சியிலிருந்து அண்ணன் மென்பொருள் வேலைக்கு ஹைதராபாத் வந்து, ஹப்சிகுடாவில் வீடு எடுத்து, எங்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். காலையில் அவனைக் கூட்டிப்போக வெள்ளைக் கார் வரும். அம்மா வாசலில் நின்று அக்கம்பக்கம் பார்க்கிறதா என்று பார்ப்பாள். என்னை யாராவது கேட்டால், "சௌம்யா மெடிக்கல் லைன்ல இருக்கா" என்று முடித்துவிடுவாள். நர்ஸ் என்று சொன்னால் வாய் வெந்துவிடும்.

மூன்று வருஷப் படிப்பு, உள்ளூர்க்காரர்களும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். முதல் வருஷத்தில் உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. அதில் உணர்ச்சிகள் பற்றி ஒரு அத்தியாயம். உணர்ச்சி என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, அதைக் கட்டுப்படுத்தும் முறைகளை எழுதுக. மங்களம் மேடம் அதை வாசித்துக் காட்டுவார், நாங்கள் மனப்பாடம் செய்வோம். மங்களம் மேடம்தான் எங்கள் வைஸ் பிரின்சிபால். தஞ்சாவூர்க்காரர், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை மாதிரியே பேச்சும் விறைப்பாக இருக்கும். அந்த அத்தியாயத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் ஸ்டெல்லா. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறைகளை வரிசை பிசகாமல் எழுதியிருந்தாள்.

ஆனால் வார்டில் ஒருத்தர் கண்ணெதிரே செத்துப்போனால் என்ன செய்வது என்று அந்த அத்தியாயத்தில் இல்லை. எங்கள் பேட்ச்சில் முதல் சாவைப் பார்த்தவள் நான். ஒரு சின்னப் பெண், டெங்கு. நான் கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மங்களம் மேடம் என்னைப் பார்த்துவிட்டு, "டாய்லெட் போயி மூஞ்சியக் கழுவிண்டு வா. அடுத்த பெட்டுக்கு டெம்பரேச்சர் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது பற்றிப் பாடம், விளக்கம், ஆறுதல் எல்லாம் அந்த ஒரு குழாய்த் தண்ணீர்தான். ஹாஸ்டலில் ராத்திரி சோறு இறங்காத பெண்கள் எத்தனையோ பேர். யாராவது கேட்டால் வயிற்று வலி என்போம். வயிற்று வலி என்றால் மாத்திரை கிடைக்கும்.

மூன்றாம் வருஷம் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பியது ஒரு புதிய தனியார் ஆஸ்பத்திரிக்கு. முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்தால் ஆஸ்பத்திரி வாசனையே வராது, காபிக் கடை வாசனை வரும். அது 2007. ஊரில் திரும்பின பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி, கால் சென்டர். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தாங்கள் கம்பெனிதான் என்ற நினைப்பு வந்துவிட்டது. அதனால் கால் சென்டர் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் கிரி என்ற ஒருவரை எங்களுக்கும் பயிற்சி கொடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

கிரி கோயம்புத்தூர்க்காரர். கழுத்தில் டை, கையில் ஒரு மைக், முகத்தில் எந்நேரமும் பல். அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விதி. வார்டிலோ வராந்தாவிலோ யாராவது பத்தடிக்குள் வந்தால் சிரிக்க வேண்டும். ஐந்தடிக்குள் வந்தால் வணக்கம் சொல்ல வேண்டும். இது ஓட்டல்காரர்களிடமிருந்து வந்ததாம். நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு மேலே ஒரு கண்ணாடியை மாட்டினார்கள். அதில் சிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளி அறைக்குப் போக வேண்டும். நோயாளிகளுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள், எந்த நர்ஸ் சிரித்தாள், எவள் சிரிக்கவில்லை என்று அதில் எழுதலாம். அந்த அட்டை எங்கள் பயிற்சி மதிப்பெண்ணில் சேரும். கடைசியில் கிரி கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட். ஒரு நரம்பைத் தேடிப்பிடித்து ஊசி ஏற்றத் தெரியாதவள்கூடப் பல்லைக் காட்டித் தப்பித்துவிடலாம், அப்படி ஒரு ஏற்பாடு.

ஸ்டெல்லாவுக்கு முதல் மாத அட்டைகள் எல்லாம் மோசமாக வந்தன. மங்களம் மேடம் கூப்பிட்டு, "உன் மூஞ்சியப் பாத்தா பேஷண்ட்டுக்கு வியாதி ஜாஸ்தியாறதுன்னு எழுதிருக்கா. மார்க்கு போயிடும், பாத்துக்கோ" என்றார்.

ஆனால் அவளுடைய முகத்தை விரும்பிய ஒரே ஒரு ஆள் இருந்தார். சாரங்கபாணி. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், இதயத்தில் கோளாறு, ஆஸ்பத்திரிக்கு வருவதும் போவதுமாக இருந்தார். எங்களில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நோயாளியைப் பொறுப்பாகக் கொடுப்பார்கள். ஸ்டெல்லாவுக்கு அவரைக் கொடுத்தார்கள். அவர் என் எதிரிலேயே ஒருநாள் சொன்னார்: "இங்க வர்ற எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கிறாங்கம்மா. கைக்கு சிரிக்கிறாங்க, நான் என்ன ஜோக்கா சொன்னேன்? நீ ஒருத்திதான் சிரிக்காம வர்ற. உன்னப் பாத்தாதான் நம்ம உடம்புக்கு நெஜமா என்னன்னு தெரியும்போல இருக்கு." கைக்கு என்றால் ஹைதராபாத் பேச்சில் எதற்கு என்று அர்த்தம்.

இதை அட்டையில் எழுதுங்கள் என்று நான் கேட்டேன். கண்ணாடி போட்டால்தான் எழுத வரும், கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார்.

ஸ்டெல்லாவுக்கு வேறு வழி இல்லை, சிரிக்கக் கற்றுக்கொண்டாள். சிரிப்பு வராதவர்களுக்கென்று கிரி ஒரு உத்தி வைத்திருந்தார். பென்சிலைப் பல்லில் குறுக்கே கடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கன்னம் தானாக மேலே போகும். எதற்காவது பதற்றம் வந்தால் உடனே மனதுக்குள் அந்தப் பென்சிலைக் கடிக்க வேண்டும். ஹாஸ்டல் குளியலறையில் ஸ்டெல்லா பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்பாள். எச்சில் வழியும். ஹோம்வொர்க் மாதிரி செய்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, அதுதான் வினை. ஒரு மாதத்தில் முகம் பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, மாட்டிக்கொண்டது.

"சௌம்யா, எனக்கு பயம் வந்தா இப்போ சிரிப்பு வருது டி" என்றாள் ஒருநாள் கேன்டீனில். "அழுகை தொண்டை வரைக்கும் வருது. அங்கேர்ந்து மூஞ்சிக்கு வரும்போது சிரிப்பா மாறிடுது."

"நல்லதுதானே, மார்க் வரும்" என்றேன்.

"ஹவ், ஆமா. மார்க் வருது" என்றாள்.

சாரங்கபாணிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. முதல் நாள் அவள் சிரித்துக்கொண்டே மாத்திரையை நீட்டியபோது, "உனக்கும் கத்துக் குடுத்துட்டாங்களா" என்று கேட்டுவிட்டு மாத்திரையை விழுங்கினாராம்.

அவர் இறந்தது ஒரு மத்தியானம். பேசிக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள், மின்சாரம் கொடுத்தார்கள். அவர் வாயில் வைத்துக் காற்றுக் கொடுக்கும் மூச்சுப் பையை ஸ்டெல்லாதான் அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிர் அறையிலிருந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து இறந்த நேரத்தைச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியது டாக்டரின் வேலை. அவர் போன் செய்ய உள்ளே போனார். மூத்த நர்ஸ் ஸ்டெல்லாவிடம், போய்ப் புதுப் போர்வை கொண்டு வா என்றார். ஸ்டெல்லா அறையை விட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

லிஃப்ட் திறந்தது. சாரங்கபாணியின் மகன் கிருஷ்ணகுமார் கையில் டிபன் கேரியரோடு வந்தான். மாதாப்பூரில் ஒரு கால் சென்டரில் ஷிஃப்ட் வேலை. தினமும் அந்த நேரத்துக்குத்தான் அப்பாவுக்கு ரசம் சாதம் கொண்டு வருவான். அவனைக் கண்டதும் ஸ்டெல்லா நடையை நிறுத்தினாள். பத்தடிக்குள் வந்தான், அவள் முகம் சிரித்தது. ஐந்தடிக்குள் வந்தான், கை தானாகக் குவிந்தது, வாய் தானாக வணக்கம் சொன்னது. அவனும் பதிலுக்குச் சிரித்தான். "அப்பா முழிச்சிட்டிருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தான்.

டிபன் கேரியர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் அவன் புகார் கொடுத்தான். அப்பா செத்துக்கிடக்கும்போது உங்கள் நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னாள் என்று. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பதறிப்போய் எங்கள் நர்ஸிங் பள்ளியிடம் சொன்னார்கள். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஸ்டெல்லாவின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். புகார் நிரூபணமானால் பெயரையே நீக்கிவிடுவோம் என்றார்கள். பதின்மூன்று வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான்.

விசாரணைக்கு என்னையும் சாட்சி என்று கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மங்களம் மேடமும் கிரியும். நான் நேராகவே கேட்டேன்.

"சார், பத்தடியில சிரிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பொதுவான சூழ்நிலைக்கு மேடம்" என்றார் கிரி. எல்லோரையும் மேடம் என்பார். "எங்க சிரிக்கணும், எங்க சிரிக்கக் கூடாதுன்னு அவங்கதானுங்களே பாத்துக்கோணும்? அதையெல்லாமா சொல்லித் தருவாங்க?"

"சொல்லித் தரணும் சார். அதுக்குத்தானே படிக்க வந்தோம்."

"வாய மூடு, சௌம்யா" என்றார் மங்களம் மேடம். பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "ஒரு நர்ஸுக்கு முதல்ல வேண்டியது எமோஷனல் கன்ட்ரோல். அதுல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினவ நீ. என்ன சொல்றே இப்போ?"

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வந்தது. மங்களம் மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "பாத்தேளா, இப்பவும் சிரிக்கறா" என்றார் கிரியிடம். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. வெளியே வந்ததும் ஸ்டெல்லாவைத்தான் திட்டினேன், திட்டுவதற்கு வேறு யாரும் கையில் கிடைக்கவில்லை.

புகார் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டால் பார்க்கலாம் என்று முடிவு சொன்னார்கள். ஸ்டெல்லாவின் அப்பா தான் போய்க் காலில் விழுகிறேன் என்றார். அவள் விடவில்லை. நாங்கள் இருவருமே காஞ்சன்பாக்குக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் பாடம் எடுத்தேன். சிரிக்காதே. சிரிப்பு வந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள். தலையைக் குனிந்துகொள். மன்னிச்சிடுங்க அண்ணா என்று மட்டும் சொல். சிரிக்கச் சொல்லி ஒருத்தர் உயிரை எடுத்தார், சிரிக்காதே என்று நான் எடுத்தேன்.

சாரங்கபாணியின் வீட்டில் கிருஷ்ணகுமார்தான் கதவைத் திறந்தான். மொட்டையடித்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"கைக்கு சிரிச்ச?" என்று கேட்டான் ஸ்டெல்லாவிடம். குரல் உயரவில்லை.

ஸ்டெல்லா கைக்குட்டையை எடுக்கவில்லை. தலையையும் குனியவில்லை. அவன் முன்னால் அவள் முகம் மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இதான் அண்ணா" என்றாள் அந்தச் சிரிப்போடு. "இப்போ எனக்கு சிரிப்பு வரல, ஆனா மூஞ்சி சிரிக்குது பாருங்க. அழுகை வந்தா இப்படித்தான் ஆகுது. பழக்கிட்டாங்க. அன்னைக்கி உங்க அப்பாவுக்கு நான்தான் மூச்சுப் பை அமுக்கிட்டிருந்தேன். கடைசி வரைக்கும் அமுக்கினேன். உங்களப் பாத்ததும் எப்படி சொல்றதுன்னு தெரியல. யாரும் சொல்லித் தரல."

அவன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"லிஃப்ட்லேர்ந்து அந்த ரூம் வரைக்கும் அப்பா நல்லா இருக்காருன்னு நெனச்சிட்டே நடந்தேன்" என்றான். "நீ சிரிச்சதால. அந்த நடைய என்னால மறக்க முடியல. உன்ன மன்னிக்கவும் முடியல. ஆனா எங்க ஆபீஸ்லயும் டேபிள் மேல கண்ணாடி இருக்கு. காரியம் முடிஞ்ச மறுநாளே ஹெட்செட்ட மாட்டிட்டு நானும் சிரிச்சேன்."

உள்ளே போய் மங்களம் மேடத்துக்குப் போன் செய்தான். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்பது எங்கள் காதில் விழுந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தினான். திரும்பும் பஸ்ஸில் எனக்கு நிம்மதி தாங்கவில்லை. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் பள்ளியில் அவர்கள் லேசில் விடுகிறவர்களா. புகார் போய்விட்டது, ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது என்றார் மங்களம் மேடம். ஸ்டெல்லா கிரியின் வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். எல்லோர் முன்னாலும் செய்து காட்டி, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினால் அன்றைக்கே ஹால் டிக்கெட். சிரித்ததற்குத் தண்டனை, சிரித்துக் காட்டு.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் முழு பேட்ச்சும் இருந்தோம். எல்லோருக்கும் கையெழுத்து வேண்டியிருந்தது. கிரி ஸ்டெல்லாவை முன்னால் கூப்பிட்டார். "நான் பேஷண்டோட அட்டெண்டர். அங்கிருந்து நடந்து வர்றேன். நீங்க சிரிச்சு, வணக்கம் சொல்லோணும். அவ்வளவுதான், ஈஸி" என்றார். நடந்து வந்தார். பத்தடி வந்தது. ஸ்டெல்லாவின் முகம் அசையவில்லை. ஐந்தடி வந்தது. அசையவில்லை.

எத்தனை மாதமாக, வேண்டாத இடத்திலெல்லாம் வந்து நின்ற சிரிப்பு, வேண்டிய நேரத்தில் வரவில்லை. பின் வரிசையிலிருந்து நான், "சிரி டி, தயவுபண்ணி ஒருதரம் சிரிச்சுத் தொலை" என்று பல்லைக் கடித்தேன். அவள் கன்னம் நடுங்கியது. வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது அழுகை. தொண்டையில் நிற்காமல், மாறாமல், அப்படியே முகத்துக்கு வந்துவிட்டது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, எங்கள் எல்லோர் முன்னாலும் நின்று அழுதாள். மறைத்துக்கொள்ளவில்லை.

கிரி மைக்கை அணைத்தார். "கன்ட்ரோல் பண்ணுங்க மேடம்" என்றார் மெதுவாக. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வேறு ஒன்றும் தெரியாது. "சரி, ஒரே ஒரு தடவ சிரிச்சிட்டுப் போயிருங்க. சைன் போட்டுத் தர்றேன்."

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எங்கள் சீருடைப் புடவை அழுக்காகக் கூடாது, அதற்கும் மதிப்பெண் உண்டு.

"நக்கோ சார், வேணாம்" என்றாள். "சாரங்கபாணி சாருக்கு நான் இன்னும் அழவே இல்ல. இப்பதான் வருது. இதக் கெடுத்துக்க மாட்டேன்."

அழுதுகொண்டே கதவைத் திறந்து வெளியே போனாள். கிரி மைக்கைப் போட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது என் பெயர். நான் எழுந்து போனேன். அவர் பத்தடி தூரத்திலிருந்து நடந்து வந்தார். அழகாகச் சிரித்தேன், முதல் தடவையிலேயே கையெழுத்துக் கிடைத்தது.